காது கொடுத்துக் கேட்கும் வேலை

சிறப்பு மலருக்கு "நம்ம சங்க வரலாறு பத்தி ஏதாவது எழுதிக் குடு" என்று கூட்டமைப்புத் தலைவி அக்கா கேட்டபோது, நான் பழைய தீர்மானப் புத்தகங்களைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் குழுவுக்கு மட்டும் பதினோரு புத்தகம். அதில் இரண்டைக் கரையான் தின்றுவிட்டது. மீதியைப் புரட்டிக்கொண்டே வந்தவள், 2012-ஆம் வருஷத்துப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். என் கையெழுத்துதான். அப்போது நான் ஊக்குநர். "உறுப்பினர் நான்கு தவணை நிலுவை. அடுத்த கூட்டத்திற்குள் கட்டுமாறு ஒருமனதாக வலியுறுத்தப்பட்டது." இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. அவள் பெயரும் இருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன்.

அந்தப் பக்கத்தில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அதைச் சொன்னால்தான் இந்த 44 வயசில் நான் ஏன் உளவியல் படிக்கிறேன், கூட்டமைப்பில் எல்லாரும் கேலி செய்தாலும் ஏன் ஆலோசகர் ஆகணும்னு நிற்கிறேன் என்பது உங்களுக்குப் புரியும்.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து எல்லாரும் பாயைச் சுருட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அவள் மட்டும் தூணோரம் உட்கார்ந்திருந்தாள். நான் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். "யக்கா, வீட்டுக்குப் போவவே புடிக்கலக்கா" என்றாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும். கொஞ்சம் அனுசரிச்சுப் போ. புள்ளைங்க முகத்தைப் பாரு. வர்ற வாரம் ஒரு தவணையாச்சும் கட்டிடு, பேங்க்ல எனக்குத்தான் கெட்ட பேரு" என்றேன். அவள் "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் அவள் தன் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தாள் என்று செய்தி வந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். வீட்டார் "தெரியாம குடிச்சுட்டா" என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. இந்திய தண்டனைச் சட்டம் 309-ஆவது பிரிவுப்படி அப்போது தற்கொலைக்கு முயல்வதே குற்றம், ஒரு வருஷம் வரை ஜெயில். சாகத் துணிந்தவளை "என்னம்மா ஆச்சு" என்று கேட்பதற்குப் பதிலாக "என்ன கேஸ்" என்று கேட்கிற சட்டம். 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் இதை மாற்றியது. அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் கொடுப்பது அரசின் கடமை என்று அந்தச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு சொல்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லவே இல்லை. இதெல்லாம் பின்னால் வந்தது. 2012-இல் அவள் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று: "என் தவணை என்னாச்சுக்கா?"

இன்றைக்கும் ராத்திரியில் சில நேரம் அது என் காதில் கேட்கும்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2010-இல், பக்கத்து ஆந்திராவில் நுண்கடன் கம்பெனிகள் வசூலுக்குக் கொடுத்த நெருக்கடியில் பெண்கள் உயிரை விட்டார்கள் என்று செய்தி வந்து, அக்டோபர் மாதம் அந்த மாநில அரசு அவசரச் சட்டமே போட்டது. ஒரு பயிற்சியில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது "அதெல்லாம் கம்பெனிக்காரங்க பண்றது, நம்ம சங்கம் அப்படி இல்ல" என்று நானே எழுந்து பேசினேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

நம் தருமபுரி மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறோம். 1989-இல் சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியது இங்கேதான். 1997-இல் அது மகளிர் திட்டமாக வளர்ந்து மற்ற மாவட்டங்களுக்கும் போனது. சேமிப்பு, உள்கடன், சுழல் நிதி, வங்கிக் கடன், தர மதிப்பீடு என்று எத்தனையோ கற்றுக்கொண்டோம். கணக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள், மனு எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். எதிரே உட்கார்ந்து அழுகிறவளிடம் என்ன பேச வேண்டும், அதைவிட முக்கியமாக என்ன பேசக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று வருஷம் முன்பு என் மகளைக் கல்லூரியில் சேர்க்க விண்ணப்பம் வாங்கப் போனபோது, தொலைதூரக் கல்வியில் எனக்கும் ஒரு விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வந்தேன். இளநிலை உளவியல். "கவுன்சிலிங் வேலைக்குப் படிக்கப் போறேன்" என்றதும் எங்கள் வீட்டுக்காரர், "அது இஞ்சினியரிங் சீட்டுக்கு மெட்ராஸ்ல நடக்குமே, அதுவா?" என்று கேட்டார். சிரிக்காதீர்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு இரண்டே அர்த்தம்தான். ஒன்று இஞ்சினியரிங் சேர்க்கை. இன்னொன்று மகளிர் காவல் நிலையத்தில் புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரையும் உட்கார வைத்து, சமாதானம் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவது.

பாடப் புத்தகத்தில் இந்த வேலையின் வரலாறு வேறு மாதிரி இருந்தது. 1908-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர், பிழைப்புத் தேடி நிற்கும் இளைஞர்களுக்கு "உனக்கு எந்த வேலை ஒத்துவரும்" என்று யோசிக்க உதவ ஒரு அலுவலகம் திறந்தார். ஆலோசனை என்பது ஒரு தொழிலாக ஆரம்பித்தது அங்கே. பிறகு கார்ல் ரோஜர்ஸ் வந்து, புத்தி சொல்வதை நிறுத்து, எதிரே இருப்பவர் சொல்வதைக் கேள் என்று 1942-இல் புத்தகம் எழுதினார். இதெல்லாம் தேர்வுக்குப் படித்தேன், எழுதினேன், மதிப்பெண் வந்தது. மனசில் ஒட்டவில்லை.

ஒட்டியது லண்டனில் ஒரு டீ கதை.

சாட் வாரா என்று ஒரு பாதிரியார். 1935-இல் அவர் ஊழியத்துக்கு வந்த புதிதில் நடத்திய முதல் அடக்கமே 14 வயசுப் பெண் ஒருத்திக்கு. அந்தப் பிள்ளை வயசுக்கு வந்தபோது ஏதோ வெட்கக்கேடான வியாதி வந்துவிட்டது என்று நினைத்து உயிரை விட்டுவிட்டாள். கேட்க அவளுக்கு ஒரு ஆள் இல்லை. இதைப் படித்த அன்றைக்கு நான் புத்தகத்தை மூடிவிட்டேன். எனக்கு எங்கள் பெரியம்மா இருந்தாள், பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்து, தனியாகக் கூப்பிட்டு எல்லாம் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு ஒரு பெரியம்மாகூட இல்லையே என்றுதான் நினைத்தேன்.

அதை மறக்காத அந்தப் பாதிரியார் 1953-இல் தன் தேவாலயத்தில் ஒரு தொலைபேசி வைத்து, சாகும் எண்ணம் வருகிறவர்கள் என்னிடம் பேசலாம் என்று அறிவித்தார். கூட்டம் வந்தது. நேரிலும் வந்தார்கள். காத்திருப்பவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்கச் சாதாரண ஆட்கள் சிலர் உதவிக்கு வந்தார்கள். கொஞ்ச நாளில் பாதிரியார் ஒன்றைக் கவனித்தார். வந்தவர்களில் நிறையப் பேர் டீ கொடுத்தவரிடமே மனசில் உள்ளதைக் கொட்டிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்! டீ போட்டவர் எந்தப் புத்தியும் சொல்லவில்லை. கூட உட்கார்ந்து கேட்டார், அவ்வளவுதான். 1954-இலேயே அவர் கேட்கும் வேலையை அந்தத் தொண்டர்களிடம் ஒப்படைத்துவிட்டார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு. அந்த வழியில் 1986-இல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார். அங்கேயும் பேச வருகிறவர்களுக்குக் காது கொடுப்பது பயிற்சி பெற்ற தொண்டர்கள்தான்.

2004 சுனாமிக்குப் பிறகும் இதுதான் நடந்தது. கடலோரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எத்தனையோ பேர், அத்தனை பேருக்கும் மனநல டாக்டர் எங்கிருந்து வருவார்? பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை அந்தந்தப் பகுதி ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேச அனுப்பியது.

ஆனால் நம் சங்கத்துப் பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் நடந்தது. அங்கே டிக்சன் சிபாண்டா என்று ஒரு மனநல மருத்துவர். நாடு முழுவதற்கும் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் அவரைப் போன்ற டாக்டர்கள். அவரிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண் ஒருத்தி மறுபடி ஆஸ்பத்திரிக்கு வரப் பஸ்ஸுக்குக் காசு இல்லாமல் வீட்டிலேயே உயிரை விட்டாள். பஸ் காசு, சகோதரிகளே! டாக்டர் யோசித்தார். ஆஸ்பத்திரிக்கு ஆள் வர முடியாவிட்டால், ஆள் இருக்கும் இடத்துக்கு யார் போவது? 2006-இல் ஹராரே நகரத்தின் எம்பாரே என்ற ஏழைகள் வாழும் பகுதியில் அவருக்குக் கிடைத்தது 14 பாட்டிகள். சுகாதாரத் தொண்டு செய்துவந்தவர்கள், பெரிய படிப்பில்லாதவர்கள். மருத்துவமனை வளாகத்தில் மரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டார்கள். டாக்டர் அதற்கு 'மனநல பெஞ்சு' என்று பெயர் வைத்தார். ஒரு ஆள் வந்து உட்காரவில்லை! பாட்டிகள்தான், "இந்தப் பேரு வச்சா எவ வருவா? நட்பு பெஞ்சுன்னு வைங்க" என்கிற அர்த்தத்தில் சொல்லிப் பெயரை மாற்றினார்களாம். பிறகுதான் ஆள் வந்தது.

அவர்கள் 'மனச்சோர்வு' என்ற டாக்டர் சொல்லையும் ஒதுக்கிவிட்டார்கள். அவர்கள் பாஷையில் குஃபுங்கிசீசா என்பார்கள். அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருப்பது என்று பொருள். நாம் "மனசு போட்டு அரிக்குது" என்கிறோமே, அது போல. பாட்டிகள் செய்வதற்கு மூன்று படி உண்டு. முதலில் மனசைத் திறக்க வைப்பது. அடுத்து, கொட்டிய கஷ்டங்களில் ஒன்றை மட்டும் அவளையே எடுக்கச் சொல்லி, அதற்கு என்ன செய்யலாம் என்று அவளையே யோசிக்க வைத்துத் தூக்கிவிடுவது. பிறகு, மறுபடி மறுபடி வரச் சொல்லித் தெம்பு கொடுப்பது. பெஞ்சுக்கு வந்து முடித்த பெண்கள் ஒரு வட்டமாகச் சேர்கிறார்கள். கூடி உட்கார்ந்து பழைய பிளாஸ்டிக்கில் பை பின்னி விற்கிறார்கள், பின்னிக்கொண்டே பேசுகிறார்கள். எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? 24 மருத்துவமனைகளில் 573 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 50 பேருக்கு மனச்சோர்வு அறிகுறி இருந்தது. பாட்டிகளிடம் பேசியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்குத்தான்.

இதைப் படித்ததும் நமக்குத்தான் பேச நன்றாக வருமே, இந்த வேலை சுலபம் என்று நினைத்தேன். அங்கேதான் சறுக்கினேன். எங்கள் பயிற்சியில் ஒருவர் பேச, மற்றவர் பத்து நிமிஷம் புத்தி சொல்லாமல் கேட்க வேண்டும். உம் கொட்டலாம், "அப்புறம்?" என்று கேட்கலாம், அவ்வளவுதான். வீட்டில் என் மகளை வைத்துப் பழகினேன். அவள் செல்போனில் நேரம் வைத்தாள். ஒரு நிமிஷம் நாற்பது செகண்டில் "அதான் நான் அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பித்துவிட்டேன்! இருபது வருஷம் ஊக்குநராக இருந்தவள் வாய் அப்படி. ஐந்து நிமிஷம் தாண்ட எனக்கு ஒரு மாசம் ஆனது.

வாயைவிடக் கஷ்டமானது இன்னொன்று. நம் சங்கம் நிற்பதே வெளிப்படையில். பஞ்ச சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம். யார் எவ்வளவு வாங்கினார்கள், யார் கட்டவில்லை என்று கூட்டத்தில் சத்தமாக வாசிக்கிறோம், அதனால்தான் பணம் பத்திரமாக இருக்கிறது. ஆலோசகர் வேலை இதற்கு நேர் எதிர். கேட்டது அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. தலைவிக்குச் சொல்லக் கூடாது, வீட்டுக்காரருக்குச் சொல்லக் கூடாது, "பாவம்டி அவ" என்று குழாயடியில் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவிக்கு ஆளைச் சேர்க்கலாம். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012 போக்சோ சட்டப்படி கட்டாயம் புகார் சொல்லியே ஆக வேண்டும். மற்றபடி வாய்க்குப் பூட்டு. அன்றைக்கு அவள் நாலு பேர் முன்னால் பேசாமல் எல்லாரும் போகும்வரை தூணோரம் காத்திருந்தாளே, அது ஏன் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

சட்டத்தில் இந்த வேலைக்கு இடம் வந்த கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஆந்திர மகிளா சபாவை உருவாக்கிய துர்காபாய் தேஷ்முக் முதல் தலைவராக இருந்து 1953-இல் மத்திய சமூகநல வாரியம் தொடங்கியது. அந்த வாரியம் 1983-இல் குடும்ப ஆலோசனை மையங்களைக் கொண்டுவந்தது. கட்டிய புருஷனும் அவன் வீட்டாரும் செய்யும் கொடுமையைக் குற்றமாக்கிய 498-ஏ பிரிவு வந்ததும் அதே வருஷம்தான். 1984-இல் குடும்ப நீதிமன்றச் சட்டம். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம். 2015-இலிருந்து ஒருங்கிணைந்த சேவை மையங்கள், அங்கே மருத்துவம், போலீஸ், சட்ட உதவி, சில நாள் தங்க இடம், ஆலோசனை எல்லாம் ஒரே கூரையில்.

இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது, 2006 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் அதன் விதிகளும். கோர்ட் ஆலோசனைக்கு அனுப்பினால் ஆலோசகர் எப்படி நடக்க வேண்டும் என்று 14-ஆவது விதி சொல்கிறது. அடித்தவன் "அவ இப்படிப் பேசினா, அதனாலதான் அடிச்சேன்" என்று ஆலோசனையில் நியாயம் பேச இடமே கிடையாது. பேச்சு தொடங்கும் முன்பே இதை அவனுக்குச் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு விருப்பம் இல்லாமல் சமாதானம் செய்து வைக்கக் கூடாது. இதை வாசித்தபோது நாங்கள் சங்கத்தில் பேசி முடித்த பஞ்சாயத்துகள் எல்லாம் கண் முன்னால் வந்தன. "நீயும் கொஞ்சம் வாயக் குறைச்சுக்கோ" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! நம் மலரில் பத்து வருஷம் முன்பு "குழு முயற்சியால் இணைந்த குடும்பங்கள்" என்று ஒரு பட்டியல் போட்டோம். அதில் எத்தனை பெண்களிடம் "உனக்குச் சம்மதமா" என்று கேட்டோம்? நான் யாரையும் கேட்டதாக நினைவில்லை. இந்த முறை அந்தப் பட்டியல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தலைவி அக்காவுக்கு வருத்தம்தான்.

13-ஆவது விதியில் எனக்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆலோசகர் கூடியவரை பெண்ணாக இருக்க வேண்டும், சரி. ஆனால் வழக்கோடு சம்பந்தப்பட்டவராகவோ, இரு பக்கத்தில் யாருக்காவது உறவாகவோ இருக்கக் கூடாது. நம் ஊரில் யார் யாருக்கு உறவில்லை? அடித்தவன் எனக்கு மச்சான் முறை, அடிபட்டவள் என் அத்தை மகள். அதோடு நான் அவளுக்குக் கடன் கொடுத்த குழுவின் ஆள். அதனால் என் யோசனை இது: நம் ஊராட்சிப் பெண்களுக்குப் பக்கத்து ஊராட்சிக்காரி உட்கார்ந்து கேட்கட்டும், அந்த ஊருக்கு நான் போகிறேன். கடன் வசூலில் இருக்கிறவர் கேட்கிற வேலையில் இருக்கக் கூடாது. நான் போன ஏப்ரலில் ஊக்குநர் பொறுப்பை விட்டதற்குக் காரணமும் இதுதான். வேறு கதை பேசிக்கொண்டார்கள், அதுவும் என் காதுக்கு வந்தது.

படிக்க ஆசைப்படுகிற தங்கைகளுக்கு ஒன்று. பயிற்சி எடுத்துக்கொண்டு தொண்டராகக் கேட்பது வேறு, சம்பளத்துக்கு ஆலோசகராக உட்காருவது வேறு. மையங்களில் அந்த வேலைக்குச் சமூகப்பணியிலோ உளவியலிலோ பட்டம் கேட்கிறார்கள், பெரும்பாலும் முதுநிலை. அதனால் எனக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி. மாத்திரை எழுதுவது மருத்துவர் வேலை, நாம் அந்தப் பக்கம் போகக் கூடாது. தூக்கம் இல்லாமல், சாப்பாடு இல்லாமல், சாகணும் என்று பேசுகிறவளை டாக்டரிடம் கூட்டிப் போவதும் நம் வேலையில் ஒரு பாதி. நடுராத்திரியில் யாரும் கிடைக்காவிட்டால் 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். அடி உதை என்றால் 181. இரண்டையும் சங்கப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இதை எழுதும் முன்பு அவளிடம் போய், "உன்னைப் பத்தி எழுதட்டுமா?" என்று கேட்டேன். முதல் நாள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. நாலு நாள் கழித்து அவளே வாசலுக்கு வந்தாள். மோர் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

"எழுதிக்கக்கா. பேரு போடாத. ஆனா அந்த நாலு தவணையும் நான் கட்டிட்டேன்னு மட்டும் எழுதிடு" என்றாள்.

கட்டிவிட்டாள். 2013 புத்தகத்தில் இருக்கிறது.